வெள்ளாவிக்குப் போன பட்டாளச் சட்டை

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. மார்கழியில் விடிகாலைப் பூசைக்குப் போகும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பல்லைக் கிட்டித்துக்கொள்வோம். அதைத்தான் குளிர் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் முப்பத்தொன்பதாம் வருஷக் கடைசியில் எங்கள் வீட்டில் குளிரைப் பற்றிப் பேசியதுபோல வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் எங்கள் குடும்பம் அதிகம் பேசும். இன்றைக்கும் அப்படித்தான்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. புதுச்சேரியில் சிப்பாயைச் சொல்தா என்றுதான் சொல்வோம். நீண்ட லீவில் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டார். லீவு முடியும் முன்னே சண்டை மூண்டுவிட்டது. உடனே கிளம்பு என்று ஆள் வந்தது. கப்பல் ஏறிப் போய்விட்டார். சித்தி எங்கள் வீட்டில் தங்கினாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயதுகூட இருக்காது. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவாள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் கடுப்புத்தான். ஒன்பது வயதில் நான் வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டைக்கே வராத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மழைக்காலம் பாதி கடந்ததும் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. பிரான்சின் கிழக்குக் கோடியில் எல்லையோரமாகக் குழி வெட்டி அதில் உட்கார்ந்திருக்கிறாராம். இன்னும் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லையாம். ஆனால் காலையில் எழுந்தால் குவளையில் தண்ணீர் கல்லாகிக் கிடக்கிறதாம், காலில் இரண்டு விரல் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாராம். பட்டாளத்தில் கொடுத்த உடுப்பு போதவில்லை. கம்பளியில் சட்டை, காலுக்கு மேஜோடு, கைக்கு உறை, தலைக்குக் குல்லா, எது முடியுமோ அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்.

அப்பா இதைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தார். எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் படிப்பார். அவர் சுங்க இலாகாவில் குமாஸ்தா. வீட்டில் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சண்டைக்காலத்தில் தமிழில் எழுதினால் தணிக்கைக்காரன் படிக்கத் தெரியாமல் மூலையில் போட்டுவிடுவான் என்று சொல்லி, பதிலையும் அவரே பிரெஞ்சில் எழுதுவார். சித்தி தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நான் நல்லா இருக்கேன்னு எழுதுங்க மாமா" என்பாள். அப்பா அதை ஒரு வரியாக எழுதிவிட்டு, ஜெர்மன்காரனை எப்படி முறியடிப்பது என்று மூன்று பக்கம் எழுதுவார். பெண்டாட்டி புருஷனுக்கு அனுப்பிய கடிதம் எல்லாம் அண்ணனுடைய குரலில்தான் போய்ச் சேர்ந்தது. அதில் எவருக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை.

கம்பளி நூலுக்கு எங்கே போவது? கப்பல் வரத்து குறைந்துபோயிருந்தது. கடைகளில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த வெள்ளைக்கார மதாம்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சித்தி யாரிடமும் கேட்கவில்லை. சித்தப்பா கல்யாணத்துக்கு அவளுக்கென்று பிரான்சின் மர்சேய் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த பெரிய கம்பளிச் சால்வை ஒன்று பெட்டியில் கிடந்தது. புதுச்சேரி வெக்கையில் கம்பளிச் சால்வையை வாங்கிவந்த மனுஷனைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சித்தி அதை எடுத்து ஒரு முனையைப் பிடித்து இழுத்து முழுக்கப் பிரித்தாள். நூலைப் பந்தாகச் சுற்றினாள். கன்னியர் மடத்தில் தையல் படித்தவள் என்பதால் பின்னல் ஊசி பிடிக்கத் தெரிந்திருந்தது. ராப்பகலாகப் பின்னினாள். மழைக்காலப் புழுக்கத்தில் மடியில் கம்பளி மூட்டையை வைத்துக்கொண்டு, மூக்கு நுனியில் வேர்வை சொட்டச் சொட்டப் பின்னினாள். அம்மா விசிறினாள். அப்பா அளவு கொடுத்தார். அதாவது, தன் உடம்பைத் தம்பியின் உடம்பாக நினைத்துக்கொண்டு கைகளை விரித்து நின்றார். அப்பாவுக்கு இருந்த தொப்பை சித்தப்பாவுக்கு இல்லை என்று நான் சொன்னேன். "சண்டையில நல்லா தின்ன குடுப்பான், தேறிடுவான்" என்றார் அப்பா.

ஒரு சட்டை, ஒரு ஜோடி மேஜோடு, ஒரு ஜோடி கையுறை, ஒரு குல்லா. சால்வை அவ்வளவுதான் வந்தது. ஊரில் வேறு நூல் கிடையாது.

அந்த வாரமே தெருவில் தமுக்கடித்துச் சொன்னார்கள். பட்டாளத்தில் இருக்கிறவர்களுக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் சனிக்கிழமைக்குள் மேரியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்கப்புறம் கப்பல் எப்போது என்று சொல்ல முடியாது. நகரசபைக் கட்டடத்தைத்தான் மேரி என்போம். சித்தி முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிச்சி வந்தது. பின்னி முடித்தவற்றை மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் படுத்து, பகலெல்லாம் தூங்கினாள்.

மறுநாள் பெட்டிமேல் ஒன்றும் இல்லை.

அம்மா எடுத்து வண்ணாரிடம் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சாரம் கிராமத்திலிருந்து வரும் எங்கள் வண்ணார் அழுக்கு எடுக்க வந்தபோது, அப்பாவின் வேட்டிகளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவசரம், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

நல்ல வண்ணார் அவர். அவசரம் என்றதும் தன் தொழிலில் உள்ள எல்லா வித்தையையும் அந்தத் துணிமேல் காட்டிவிட்டார். உவர்மண்ணில் ஊற வைத்து, வெள்ளாவிப் பானையில் அடுக்கி, ராத்திரி முழுக்கத் தீ மூட்டி ஆவியில் அவித்து, காலையில் குளத்தங்கரைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்து, அலசிப் பிழிந்து, கொஞ்சம் கஞ்சியும் போட்டு, மழை விட்ட நேரம் பார்த்துக் காயவைத்து, கரிப்பெட்டி வைத்துத் தேய்த்து, வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் முன்னதாகவே கொண்டுவந்து கொடுத்தார்.

மூட்டையைப் பிரித்தோம். அப்பாவின் வேட்டிகள் அப்பாவின் வேட்டிகளாகவே இருந்தன. அவற்றுக்கு நடுவில் தட்டையாக, கெட்டியாக, பழுப்பாக ஏதோ இருந்தது. சித்தி அதை எடுத்து உதறினாள். அது அசையவில்லை. அட்டைபோல அப்படியே நின்றது. இரண்டு கை, ஒரு கழுத்து, எல்லாம் இருந்தன. ஆனால் மொத்தமும் அப்பாவின் உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் மூடிவிடலாம். மேஜோடுகள் என் கட்டைவிரலுக்குச் சரியாக இருந்தன. நான் போட்டுப் பார்த்தேன். குல்லாவை ஒரு தேங்காய்க்கு மாட்டலாம், அதுவும் சின்னத் தேங்காய்.

"நல்லா வெளுத்துட்டேங்கம்மா" என்றார் வண்ணார். "அழுக்கே இல்ல. ஆனா துணிதான் ரொம்பக் கெட்ட துணி. யாரு வித்தான் இத?"

அப்பா ஆபீசிலிருந்து வந்தார். பார்த்தார். முதலில் இது என்ன என்று கேட்டார். தெரிந்ததும் வண்ணாரைத் திட்டவில்லை, இழுக்கலாம் என்றார். இருவரும் வாசலில் நின்று ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். தெருவே கூடிவிட்டது. அப்பா சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். வண்ணார் வலுவான ஆள். சட்டை விடவில்லை, அப்பாதான் விட்டார். வண்ணார் எதிர்வீட்டுப் படிவரைக்கும் பின்னால் போய் உட்கார்ந்தார். அப்புறம் நனைத்துப் பார்க்கலாம் என்று நனைத்து, கீழே அம்மிக்குழவியைக் கட்டி, கிணற்றுக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். ஒரு மணி நேரம் தொங்கியது. கடைசியில் கழுத்து மட்டும் ஒட்டகத்துக்கு ஆகிற மாதிரி நீண்டது. தம்பிக்கு அப்போது இரண்டு வயது. அவனுக்காவது ஆகுமா என்று மாட்டிப் பார்த்தார்கள். நெற்றிவரை இறங்கி மூக்கில் சிக்கிக்கொண்டது. அவன் கத்திய கத்தலில் நாய்கள் எழுந்து நின்றன.

சிரித்தவர்கள் எல்லோரும் போனபிறகு அப்பா கதவைச் சாத்திவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டார். புத்தி இருக்கிறதா, கம்பளியை எவளாவது வெள்ளாவியில் போடுவாளா, புதுத் துணியை எதற்கடி வெளுக்கப் போட்டாய், அதில் என்ன அழுக்கு கண்டாய், அங்கே அவன் விரல் விழுந்து கிடக்கிறான், இங்கே நீ சுத்தம் பார்க்கிறாய் என்று ஊர் கேட்கக் கத்தினார். நானும் அப்பா பக்கம்தான். அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் உண்டு. என் தலையைத் தேய்த்துத் தேய்த்தே பாதி முடியைக் கொட்டவைத்தவள் அவள்.

அவர் கத்தி ஓயும்வரை அம்மா வேட்டிகளை மடித்தாள். கடைசியில் சொன்னாள்.

"சண்டைக்குப் போனவனுக்கு எவளாவது கோடித் துணி அனுப்புவாளா?"

தண்ணீர் படாத புதுத் துணிதான் கோடி. எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் மேல்தான் அதைப் போர்த்துவார்கள். வீட்டில் புதுச்சட்டை வாங்கினால்கூட ஓரத்தில் மஞ்சள் வைத்துத்தான் போட்டுக்கொள்வோம். பட்டாள உடுப்பில் மஞ்சள் தெரிந்தால் வெள்ளைக்காரன் சிரிப்பான் என்று, ஒரு தரம் தண்ணீரில் போட்டு எடுத்துவிடலாம் என்று அம்மா நினைத்திருக்கிறாள். வாயால் சொன்னாலே அபசகுனம் என்று சொல்லாமல் செய்திருக்கிறாள்.

மாதா கோவில் சாமியார் கேட்டால் இதெல்லாம் மூடத்தனம் என்பார் என்று அப்பா முணுமுணுத்தார். சாமியார் அங்கே இல்லை. அப்பா தன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் சித்தியைப் பார்த்தேன். அழுவாள், குறைந்தபட்சம் இரண்டு வார்த்தையாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் அந்த அம்மிக்குழவியைத் தூக்கி யார் தலையிலாவது போட்டிருப்பேன். அவளோ அந்தக் குட்டிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நீண்டுபோன கழுத்தை மெதுவாக உள்ளே மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்து அம்மாவிடம் காட்டினாள். அம்மா அதைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். இரண்டு பேரும் அடுக்களைக்குள் போனார்கள். உள்ளே விக்கி விக்கி யாரோ அழுகிற சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மனுஷன் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறான், இங்கே இவளுகள் சிரிக்கிறாளுகள். கேட்டும் விட்டேன்.

"போடி, போய் முறுக்கு தின்னு" என்றாள் அம்மா.

அப்பா வெளியே போனவர் சும்மா போகவில்லை. ஊருக்கு மேற்கே கதிர்காமத்துப் பக்கம் வயலில் கிடைபோட்டிருந்த ஆட்டுக்காரர்களிடம் போய் ஒரு கருங்கம்பளியை வாங்கி வந்தார். மழையில் ஆட்டுக்காரன் தலையில் போட்டுக்கொண்டு நிற்பானே, அதேதான். அதில் ஒரு கோட்டு தைத்துவிடுவது என்று முடிவு. தையல்காரர் மெஷினில் வைத்ததும் ஊசி முறிந்தது. இரண்டாவது ஊசியும் முறிந்ததும் அவர் கோணி தைக்கிற ஊசியை எடுத்துக் கையால் தைத்தார். வெள்ளி இரவு கோட்டு வந்தது. உள்ளே ஆள் இல்லாமலே நின்றது. வீடு முழுக்க ஆட்டு நாற்றம். அப்பா அதை மாட்டிக்கொண்டு, குளிர் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கிறேன் என்று தெருவில் மேலும் கீழும் நடந்தார். கால் மணியில் முகம் செங்கல்லாகிவிட்டது. உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு உள்ளே வந்து, ஒரு செம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சொன்னார்:

"கிட்டவே வராது குளிர்."

சனிக்கிழமை காலையில் எல்லோரும் மேரிக்குப் போனோம். அப்பா கோட்டு மூட்டையோடு முன்னால், அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்புறம் சித்தி, நான். பெரிய கூடம். சொல்தாக்களின் பெண்டாட்டிகள், அம்மாமார்கள் என்று ஒரே கூட்டம். மேசையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா நம்மூர்க்காரர்தான். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பார்சலையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தைத்து அரக்கு வைக்கச் சொன்னார். எங்கள் முறை வந்ததும் அப்பா மூட்டையைத் தானே பிரித்து, கோட்டை எடுத்து மேசைமேல் நிற்க வைத்தார். அது நின்றது. குமாஸ்தா நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"என்ன மிருகம் முசே இது?"

அப்பா கம்பளியின் பெருமையைப் பிரெஞ்சில் விளக்கினார். குமாஸ்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு கோட்டின் பைக்குள் கையை விட்டார். பையிலிருந்து அந்தக் குட்டிச் சட்டை வந்தது. இன்னொரு பையிலிருந்து மேஜோடு, கையுறை, குல்லா. எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். அப்பாவுக்கு உயிரே போய்விட்டது. அது தப்பாக வந்துவிட்டது, எடுத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினார்.

அப்போது சித்தி பேசினாள். அவ்வளவு பேர் நடுவில், அப்பாவுக்கு எதிரில், அவள் குரலை நான் முதல்முறையாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எடுக்காதீங்க மாமா. அது போவணும்."

குமாஸ்தா தலையைத் தூக்கினார். "யாருக்கும்மா இது?"

"அவருக்குத்தான். அவரு பாக்கணும்."

குமாஸ்தா குட்டிச் சட்டையைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு தடித்த அம்மாள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் இருந்தவள், அப்புறம் கூடத்தில் இருந்த அத்தனை பொம்பளைகளும். வரிசை கலைந்துவிட்டது. தடித்த அம்மாள் சித்தியின் தோளைப் பிடித்து, "நீ ஏம்மா நிக்கிறே, இந்த நேரத்துல நிக்கலாமா" என்று பெஞ்சில் இருந்த இருவரை எழுப்பி விட்டுவிட்டு அவளை உட்கார வைத்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருத்தி சித்தியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். என் அம்மா காலையிலிருந்து தம்பியைச் சுமந்துகொண்டு நிற்கிறாள். அவளுக்கு ஒரு நாய்கூட இடம் விடவில்லை. நான் அதைச் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தைப் பார்த்து ஊரே சிரிக்கிறது, இதற்கெல்லாம் காரணம் இந்தச் சித்தி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தலையைத் தடவ வந்த தடித்த அம்மாளின் கையைத் தட்டிவிட்டேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மேரியின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

குமாஸ்தா குட்டிச் சட்டையைத் தன் கையாலேயே மடித்தார். மேஜோடு இரண்டையும் அதற்குள் வைத்தார். கோட்டின் பைக்குள் போடவில்லை; எல்லாவற்றுக்கும் மேலே, திறந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி வைத்துத் தைக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஃபெலிசித்தாசியோன், முசே" என்றார்.

அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எதிர்ப்பட்ட ஆட்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கம்பளிக் கோட்டைப் பார்த்து மேரியிலேயே எழுந்து நின்று கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார்களாம். இந்த யோசனை இதுவரைக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லையாம். மொத்தப் பட்டாளத்துக்கும் கதிர்காமத்துக் கம்பளி போட்டுவிட்டால் ஜெர்மன்காரன் நாற்றத்திலேயே ஓடிவிடுவான். கவர்னருக்கு மனுப் போடப் போகிறேன் என்றும் சொன்னார். அம்மாவும் சித்தியும் பத்தடி பின்னால் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு வந்தார்கள்.

அந்தக் கோட்டு என்ன ஆனதென்று தெரியாது. சித்தப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் திரும்பி வந்தபோது அவருடைய மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இவள்தான் உன் பிள்ளை என்று அப்பா ஆரம்பித்தார். தெரியும், அந்தக் குளிர்காலத்திலிருந்தே தெரியும் என்றார் சித்தப்பா. யார் எழுதினார்கள், அப்போது எனக்கே தெரியாதே, நான் எழுதவில்லையே என்று அப்பா திகைத்தார்.

அன்றைக்கு மேரியில் என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லைதான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. எனக்கு வயது ஒன்பது. அப்பாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் வேறு.